யார் வீட்டுக்குமில்லை, இலை பார்க்க

அந்த வருடம் இறந்தோர் நினைவு நாட்களை ஒட்டி என் சிஞ்ஞோரா, நான் வேலை செய்யும் வீட்டு அம்மா, ரோமில் இருக்கும் தன் மகனிடம் போனார். போகும்போது வீட்டுச் சாவியை என்னிடம் தந்து, பூச்சாடிகளுக்கு ஒன்றுவிட்டொரு நாள் தண்ணீர் விட்டால் போதும், மற்றபடி நீ ஓய்வெடு என்றார். பலெர்மோவில் நான் வீட்டு வேலைக்குச் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உண்டு, வியாழன் பின்னேரம் உண்டு. ஆனால் ஞாயிறு தேவாலயப் பூசையோடும் கோயில் ஆட்களோடும் போய்விடும். வியாழன் பின்னேரம் சந்தைக்கு. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் காலமென்றால் குவெஸ்தூரா பொலிஸ் அலுவலக வாசலில் வரிசைக்கு. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, விடிந்ததிலிருந்து பொழுது படும்வரை எனக்கே என்று கிடைத்தது அதுதான் முதல் தடவை.

செவ்வாயன்று மலைக்குப் போய் இலை பார்க்கப்போகிறேன் என்று கணவரிடம் சொன்னேன். அவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் காலைச் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை செய்கிறார். அடுத்த நாளைக்கான வெள்ளைச் சட்டையை அயன் பண்ணிக்கொண்டு நின்றார்.

"ஆரோடை போறீர்?"

"தனியத்தான்."

"கோயில் ஆக்கள் ஆரும் வரேல்லையோ?"

"இல்லை. நான் மட்டும்."

அவர் அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "ஏதும் நேத்தியோ?"

அவர் அப்படிக் கேட்டதில் பிழையில்லை. எங்களுக்கு மலை என்றால் நகரத்துக்கு மேலே நிற்கும் அந்த ஒரே மலைதான். அதன் உச்சியில் இந்த ஊரைக் காக்கும் புனிதையின் குகை இருக்கிறது. பிள்ளைக்குச் சுகமில்லை என்றாலும், விசா கிடைக்கவில்லை என்றாலும் வெறுங்காலோடு அங்கே ஏறுவோம். மொரீஷியசில் இருந்து வந்த சைவக்காரத் தமிழர்களும் ஏறுவார்கள். மெழுகுதிரி கொளுத்துவோம், இறங்குவோம். எதையும் கேட்காமல் யாரும் மலைக்குப் போனதை நாங்கள் கண்டதில்லை.

நேர்த்தி ஒன்றுமில்லை, இலைகள் நிறம் மாறியிருக்குமாம், பார்த்துவிட்டுப் பின்னேரம் வந்துவிடுவேன் என்றேன். சட்டையை மறுபக்கம் திருப்பிப் போட்டார். பிறகு, "பிறஷர் குளிசை ஒழுங்காய்ப் போடுறீர்தானே?" என்று கேட்டார்.

இலை பார்க்கவேண்டும் என்ற ஆசை எப்படி வந்தது என்று அவருக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெரியவில்லை. இப்போது யோசித்தால் அது மகளின் பள்ளிக்கூடத்தில் தொடங்கியது என்று நினைக்கிறேன். அவள் சின்ன வகுப்பில் படித்தபோது, இலையுதிர் காலத்து இலைகள் கொண்டுவரச் சொல்லி ஆசிரியை கேட்டிருந்தார். பாடப்புத்தகத்தில் சிவப்பும் மஞ்சளுமாய் ஒரு காடு இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் எங்கள் வீடு இருக்கும் அல்பெர்கேரியாச் சந்துகளை விட்டு வெளியே வந்து, பெரிய தெருக்கள் எல்லாம் நடந்தோம். பலெர்மோவில் நவம்பரிலும் கடலில் குளிக்கிறவர்கள் இருப்பார்கள். கால்சாவுக்குப் பக்கத்துப் பூங்காவில் நிற்கும் பெரிய ஆலமர இனத்து மரங்கள் வருடம் முழுக்கப் பச்சை. ரோட்டோரத்து மரங்களில் மட்டும் கொஞ்ச இலை, புகை பிடித்த மண்ணிறத்தில், விளிம்பு சுருண்டு கிடந்தது. அதைப் பொறுக்கிக்கொண்டு வந்தோம். புத்தகத்தில் இருப்பது எங்கே இருக்கிறது என்று மகள் கேட்டாள். அது வடக்கில், மிலானோவுக்கு அங்காலே என்றேன். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். நான் பிறந்த மன்னார்ப் பக்கத்தில் காலத்தைக் காற்றை வைத்துச் சொல்வார்கள். சோளகம், கச்சான், வாடை. இலையுதிர் காலம் என்பது சோதனைக்குப் பாடமாக்கிய ஒரு சொல்.

அந்த ஒக்டோபரில் நானும் சிஞ்ஞோராவும் குளிர்காலக் கம்பளிகளை அலுமாரியிலிருந்து எடுத்து உதறிக்கொண்டிருந்தோம். ஆளுக்கு இரண்டு மூலையாய்ப் பிடித்து மடிக்கும்போது அவர் ஏதோ நினைத்துக்கொண்டு, இப்போது மதோனியே மலையில் பீச் என்ற காட்டு மரங்கள் நிறம் மாறியிருக்கும், கல்யாணத்துக்கு முன் வருடா வருடம் போவோம் என்றார். எவ்வளவு தூரம் என்று கேட்டேன். பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம் இருக்கும் என்றார். நான் கம்பளியின் மூலையைப் பிடித்தபடியே நின்றேன். இரண்டு மணித்தியாலத் தூரத்தில் இருந்ததைத்தான் நான் வடக்கில் இருக்கிறது என்று சொல்லிப் பிள்ளையை வளர்த்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் ரொட்டி இரண்டு சுட்டு, இடித்த சம்பலோடு சுற்றி எடுத்தேன். சூடு தாங்கும் போத்தலில் தேநீர். மழை வந்தால் மாற்ற ஒரு காற்சட்டையும் ஒரு சால்வையும். பல்லரோச் சந்தைக்குள்ளால் நடந்தபோது கடைக்காரர்கள் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வழக்கமாக வெண்டிக்காய் எடுத்து வைக்கும் மனிதர், வேலைக்கா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். அது சுகமாக இருந்தது. வேலைக்குப் போகிற பெண்ணை யாரும் இரண்டாம் கேள்வி கேட்பதில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் அப்படி விடவில்லை. அறுபது வயதிருக்கும், மலை ஊர்க்காரி, முதல்நாள் பலெர்மோ ஆஸ்பத்திரியில் கண் காட்டிவிட்டுத் திரும்புகிறாள். பஸ் கடலோர நெடுஞ்சாலையில் ஏறியவுடனேயே, யார் வீட்டுக்குப் போகிறாய் என்று கேட்டாள். கேள்வி அன்பானதுதான். என் நிறத்தில், என் வயதில், அந்த பஸ்ஸில் ஏறுகிற பெண் ஒரு பதாந்தேயாகத்தான் இருக்கவேண்டும், யாரோ ஒரு வயதானவரைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுத்து உடனிருக்கப் போகிறவள். யார் வீட்டுக்கும் இல்லை, இலை பார்க்கப் போகிறேன் என்றேன். எந்த இலை என்றாள். மரத்து இலை என்றேன். அவள் தலையைச் சாய்த்து, நான் இத்தாலியன் சரியாகப் பேசவில்லை என்று நினைத்தவளாய், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக மறுபடி கேட்டாள். நானும் மெதுவாக அதையே சொன்னேன். கடைசியில் அவள் சிரித்துவிட்டு, தன் மச்சாளுக்கும் ஓர் ஆள் தேவை, இலை பார்த்து முடிந்தபிறகு யோசித்துப் பார் என்றாள்.

கடல் இடது பக்கம் கூடவே வந்து, பிறகு பின்னால் போனது. பஸ் மலைகளுக்குள் திரும்பியது. ஒலிவ் தோட்டங்கள், உழுத வயல்கள், அங்கங்கே தனி வீடுகள். எதுவும் நிறம் மாறியிருக்கவில்லை. ஏமாந்துவிட்டேனோ என்று பயந்தேன். ஆனால் அந்தப் பயம்கூட எனக்குப் பிடித்திருந்தது. அந்த நாள் நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது என்னுடைய கவலை. வேறு யாருக்கும் நான் பதில் சொல்லத் தேவையில்லை.

மலை ஊரில் இறங்கியபோது குளிர் முகத்தில் அடித்தது. கல் பாவிய சின்னச் சதுக்கம், ஒரு தேநீர்க்கடை, ஒரு கோயில். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அந்தப் பெண் கைகாட்டிவிட்டு ஒரு சந்துக்குள் போனாள். நான் சால்வையைச் சுற்றிக்கொண்டிருக்க, தட்டைத் தொப்பி போட்ட ஒரு வயதான மனிதர் நேரே என்னிடம் வந்து என் பையைப் பிடித்தார். பறிக்கிற பிடி இல்லை, விருந்தாளியின் பையை வாங்குகிற பிடி. அவர் சொன்னதை என் தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"வந்திட்டீங்களோ. கடவுளுக்கு நன்றி. இவ்வளவுதானோ சாமான்?"

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. அந்த பஸ்ஸில் பலெர்மோவிலிருந்து ஒரு பெண் வரவேண்டியிருந்திருக்கிறது, அவர் மனைவியைப் பார்த்துக்கொள்ள. வெளிநாட்டுப் பெண் என்று மட்டும் சொல்லியிருந்தார்களாம். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரே வெளிநாட்டுப் பெண் நான். நான் அவள் இல்லை என்றேன். அவர் பஸ்ஸுக்குள் ஏறி எட்டிப் பார்த்தார். காலியாக இருந்தது. இறங்கி வந்து, பழைய போனை எடுத்து, தூரப்பிடித்து எண்ணைப் பார்த்து அழுத்தினார். யாரோ எடுத்தார்கள். கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். அந்தப் பெண்ணுக்கு நகரத்திலேயே வேலை கிடைத்துவிட்டதாம். அதைக் கோபமில்லாமல் சொன்னார். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

தேநீர்க்கடை வாசலில் நின்ற ஒரு பழைய காரை அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். முன் இருக்கையில் ஒரு வயதான அம்மா இருந்தார். தலைமுடி பஞ்சு மாதிரி. சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பார்வை போதும் எனக்கு. அந்த மறதி வருத்தம் வந்தவர்கள் பலரோடு நான் இருந்திருக்கிறேன்.

அந்த இடத்தில் என் வாய்க்குள் ஒரு வசனம் தயாராக வந்து நின்றது: வேறு ஆள் வரும்வரை நான் நிற்கிறேன். யாரும் கேட்கவில்லை. ஆனாலும் வந்து நின்றது. இருபது வருடப் பழக்கம், யார் கை நீட்டினாலும் அந்த இடத்துக்குக் கால் தானாகப் போகும். அதை விழுங்கிக்கொண்டு, நான் பீச் மரக் காட்டைப் பார்க்க வந்தேன், மேலே போகிற பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டேன்.

மேலே பஸ் இல்லை என்றார். கோடையில் எப்போதாவது ஓடும். வாடகைக் கார் பலெர்மோவில்தான் பார்க்கலாம். நடந்தால் இருட்டிவிடும். நான் எதையும் சரியாக விசாரிக்காமல் வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேரும் அந்தச் சதுக்கத்தில் நின்றோம், அவருக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை, எனக்கு வரவேண்டிய பஸ் வரவில்லை.

பிறகு அவர், ஏறுங்கள், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். கார் ஓடினால் மனைவி அமைதியாக இருப்பாராம். வீட்டுக்குள் இருந்தால் வீட்டுக்குப் போகவேண்டும் என்று அழுவாராம். இன்றைக்கும் எங்கேயாவது ஓடவேண்டியதுதான், அது காட்டுப் பக்கமாக இருந்தால் என்ன என்றார். நான் தயங்கினேன். தெரியாத மனிதரின் கார் என்பதால் மட்டுமில்லை. ஓர் உதவியை வாங்கினால் திருப்பிக் கொடுக்கவேண்டி வரும் என்ற பயம். தேநீர்க்கடைக்காரி வாசலுக்கு வந்து, அவர் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் வாயிற்காவலராக இருந்தவர், பயமில்லாமல் போ என்றாள். காரின் பின்னால் போய் இலக்கத்தகட்டைப் படம் எடுத்து, பொலோஞ்ஞாவில் வேலை செய்யும் மகளுக்கு அனுப்பினேன். உடனேயே குரல் செய்தி வந்தது.

"அம்மா, ஸெய் பாட்ஸா? ஆரின்டை கார் அது?"

பைத்தியமா என்று கேட்கிறாள். அவளுக்கு இத்தாலியன் முதலில் வரும், தமிழ் பின்னால் ஓடிவரும். பின்னேரம் போன் எடுக்கிறேன் என்று எழுதிவிட்டுப் பின் இருக்கையில் ஏறினேன்.

கார் வளைந்து வளைந்து ஏறியது. அம்மா நொடிக்கொரு தரம், வந்துவிட்டோமா என்று கேட்டார். அவர் ஒவ்வொரு தரமும், கிட்டவந்துவிட்டோம் என்றார். குரல் மாறவேயில்லை. அம்மாவின் கம்பளிச் சட்டையின் பொத்தான்கள் ஒன்று தள்ளிப் பூட்டியிருந்தன, கழுத்துப் பக்கம் ஒரு துண்டு மிஞ்சி நின்றது. ஓர் ஆண்பிள்ளை அவசரத்தில் உடுப்பு மாட்டியிருக்கிறார். பின்னாலிருந்து கையை நீட்டி அதைக் கழற்றிச் சரியாகப் பூட்ட என் விரல்கள் துடித்தன. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். சின்னப்பிள்ளைத்தனம்தான். ஆனால் வேறு வழி தெரியவில்லை.

முதலில் ஓக் மரங்கள் வந்தன, பாதி பச்சை, பாதி மஞ்சள். பிறகு ஒரு வளைவு. வளைவுக்கு அப்பால் மலைச்சரிவு முழுதும் நிறமாக இருந்தது.

புத்தகத்தில் இருந்த மாதிரிச் சிவப்பு இல்லை. புளி போட்டுத் தேய்த்த செம்புப் பானையின் நிறம். இடையிடையே கறுவாப்பட்டை நிறம், மரத்தின் உச்சிகளில் மஞ்சள் தூள் நிறம். வெயில் விழுந்த பக்கம் ஒரு மாதிரியும் நிழல் பக்கம் வேறு மாதிரியும் இருந்தது. அடிமரங்கள் சாம்பல் நிறத்தில், வழவழப்பாக, நனைந்த யானைக் கால்கள் போல. அம்மாவும் கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தார்.

ஒரு வெட்டைவெளியில் கார் நின்றது. நாங்கள் இங்கே இருக்கிறோம், நீங்கள் போய் ஆறுதலாகப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார் அவர். நான் நன்றி சொல்லிவிட்டு இறங்கி, மரங்களுக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் நடந்தேன்.

கணுக்கால் வரை இலை. ஒவ்வொரு அடிக்கும் சத்தம், மொறுமொறுவென்று, அப்பளம் நொறுங்குகிற மாதிரி. நின்றால் சத்தமும் நின்றது. காற்று வந்தபோது மேலேயிருந்து இலைகள் ஒரேயடியாகக் கொட்டின. எனக்கு முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? இதையெல்லாம் யார் கூட்டுவது. சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் காட்டுக்குள் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். தரையில் எதையாவது கண்டால் குனிந்து எடுக்கிற, துடைக்கிற கண் எனக்கு. சிஞ்ஞோராமாரின் வீடுகளில் பளிங்குத் தரை, மரத் தரை, பழைய ஓடு பதித்த தரை எல்லாம் எனக்கு அத்துப்படி. எந்த மேசைக்கு அடியில் தூசு சேரும் என்று சொல்வேன். அந்த வீடுகளின் சுவர்களில் தொங்கும் பெரிய படங்களில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லமாட்டேன். சட்டங்களின் மேல்விளிம்பு மட்டும்தான் தெரியும், அங்கேதான் தூசு படியும்.

ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ரொட்டியை எடுத்தேன். முதல் துண்டைப் பிய்த்தபோது கை தானாகப் பக்கத்துக்கு நீண்டது. அங்கே யாரும் இல்லை. நானே சாப்பிட்டேன். சம்பல் உறைத்தது, தேநீர் இன்னும் சூடாக இருந்தது. சாப்பிட்டு முடித்த பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. கோயிலில் என்றால் செபம் இருக்கும். கடற்கரையில் என்றால் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை. பார்ப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் பார்ப்பேன், உடனே மனம் ஓடிவிடும், பூச்சாடிக்குத் தண்ணீர், மகளின் வாடகை வீடு, கணவரின் முழங்கால் நோ. இழுத்துக்கொண்டு வந்து மறுபடி ஓர் இலையில் விடுவேன்.

பிறகு ஒன்று செய்தேன். சால்வையை விரித்து, பையைத் தலைக்கு வைத்து மல்லாந்து படுத்துவிட்டேன். ஐம்பது வயது தாண்டிய மனுசி, பட்டப்பகலில், காட்டுக்குள். மேலே கிளைகள், கிளைகளுக்கு இடையில் வானம். ஓர் இலை கிளம்பினால் அது கீழே வரும்வரை அதையே பார்த்தேன். சில நேரே விழும், சில சுழன்று சுழன்று வேறு மரத்தடிக்குப் போகும். எப்போதோ மனம் ஓடுவதை விட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் ஒன்றையும் கேட்கவில்லை, ஒன்றும் கிடைக்கவுமில்லை, ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

காளான் பொறுக்க வந்த ஒருவர்தான் என்னை எழுப்பினார். கூடையோடு ஓடிவந்து, விழுந்துவிட்டீர்களா, யாரையும் கூப்பிடவா என்று பதறினார். இல்லை, படுத்திருக்கிறேன் என்றேன். அவர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், மன்னியுங்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு படுக்கையறைக்குள் தெரியாமல் நுழைந்தவர்போலக் கால்சத்தம் அடக்கிப் போனார்.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. வெட்டைவெளிக்குத் திரும்பி வந்தபோது அந்த மனிதர் காருக்கு வெளியே நின்றார். தொப்பி கையில் இருந்தது. அம்மா காருக்குள் அழுதுகொண்டிருந்தார். கிட்டப் போனவுடன் எனக்கு விளங்கியது. அம்மாவின் பாவாடை நனைந்திருந்தது, இருக்கையும் நனைந்திருந்தது. மாற்ற எதுவும் அந்த மனிதர் கொண்டுவரவில்லை. கொண்டுவரவேண்டும் என்று அவருக்குத் தெரியாது. காலை வரை அவர் நினைத்திருந்தது, இன்றைக்கு ஓர் ஆள் வந்துவிடுவாள் என்று.

நான் யோசிக்கவில்லை. பையிலிருந்து காற்சட்டையை எடுத்தேன். அவரை மரங்களின் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னேன். கார்க் கதவைத் திறந்து, அம்மாவின் கையைப் பிடித்து, வாருங்கோ அம்மா என்று தமிழில் சொன்னேன். ஏன் தமிழில் சொன்னேன் என்று தெரியாது. அம்மா தடுக்காமல் இறங்கினார். துடைத்து, மாற்றி, சால்வையை இடுப்பில் சுற்றி, கடைசியில் அந்தப் பொத்தான்களையும் கழற்றி ஒழுங்காகப் பூட்டினேன். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என் தலையில் ஒட்டியிருந்த ஓர் இலையை எடுத்து வாய்க்குள் வைக்கப் போனார். அதை வாங்கித் தூரப் போட்டேன்.

கை துடைத்துக்கொண்டு நின்றபோது ஒன்றைக் கவனித்தேன். என் நாள் கெட்டுப்போகவில்லை. காலையில் அந்தச் சதுக்கத்தில் நான் பயந்தது இதற்குத்தான், இந்தக் கைவேலை என் நாளைப் பிடுங்கிக்கொள்ளும் என்று. ஆனால் காட்டில் படுத்திருந்தது அப்படியே உள்ளே இருந்தது.

கீழே இறங்கும்போது அம்மா தூங்கிவிட்டார். அந்த மனிதர் ரோட்டைப் பார்த்தபடி, முகத்தைத் திருப்பாமல் கேட்டார்.

"நீங்கள் வரலாம்தானே? நல்ல அறை ஒண்டு இருக்கு. வெயில் விழுகிற அறை. அவளுக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."

இதற்கு முன்பும் வேலைகளை மறுத்திருக்கிறேன். எப்போதும் ஒரு காரணத்தோடு. கணவருக்குச் சுகமில்லை, பிள்ளைக்குச் சோதனை, கோயில் சாமியாரிடம் கேட்கவேண்டும். அன்றைக்கும் காரணங்கள் இருந்தன. எனக்கு சிஞ்ஞோரா இருக்கிறார், குடும்பம் பலெர்மோவில் இருக்கிறது. எல்லாம் உண்மையும்கூட. ஆனால் அந்த நாளில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அவர் முன் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"இல்லை. நான் வரமாட்டன்," என்றேன்.

அவர் காத்திருந்தார், அடுத்து ஏதோ வரும் என்று. நானும் காத்திருந்தேன், என் வாய் பழக்கதோஷத்தில் எதையாவது சொல்லிவிடுமோ என்று. இரண்டு வளைவுகள் கழிந்தன. பிறகு அவர் தலையாட்டினார்.

"சரி. கேக்கிறது என்ரை கடமை," என்றார்.

அதற்குப் பிறகுதான், என் பாட்டுக்கு, எங்கள் கோயில் பங்கில் ஒரு பெண் இருக்கிறா, அவ பார்த்துக்கொண்டிருந்த சிஞ்ஞோரா கோடையில் காலமாகிவிட்டார், வேலை தேடுகிறா, கேட்டுப் பார்க்கட்டுமா என்றேன். அவர் காரை ஓரமாக நிறுத்தி, தன் எண்ணைச் சொன்னார். நான் போனில் பதிந்தேன். கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. தேநீர்க்கடையில் எனக்கு ஒரு கோப்பி வாங்கித் தந்துவிட்டு, அம்மா விழித்துவிடுவார் என்று அவசரமாகப் போய்விட்டார். என் சால்வை அவர்களோடு போனது. கேட்க மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கணவர் மீன் பொரித்து வைத்திருந்தார். மகள் இரண்டு தரம் போன் எடுத்தாளாம், ஏதோ காரைப் பற்றிக் கேட்டாளாம், தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றார். சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மனிதரையும் அம்மாவையும் பற்றி அவர் நிறையக் கேட்டார். எத்தனை வயது, பிள்ளைகள் இல்லையோ, வீடு சொந்தமோ. காட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சொல்ல எனக்கும் வரவில்லை. வடிவாக இருந்தது என்றேன். படங்கள் எடுத்தீரோ என்றார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, அந்த நாளில் நான் எடுத்த ஒரே படம் ஒரு கார் இலக்கத்தகடு.

பங்கில் இருந்த அந்தப் பெண் அடுத்த வாரமே மலை ஊருக்குப் போனா. எங்கள் நாட்டுத் தீவுப்பக்கத்து மனுசி, வாய்க்காரி, அந்த அம்மாவோடு நாள் முழுக்கத் தமிழில் கதைப்பாவாம். பனி விழுந்தபோது என்னைப் போனில் கூப்பிட்டு, என்னை நல்ல இடத்துக்கு அனுப்பிவிட்டாய் என்று திட்டினா, பிறகு சிரித்தா. அம்மா காலமாகும்வரை அங்கேயே இருந்தா. செத்தவீட்டுக்கு நானும் போனேன். அந்த மனிதர் என்னைக் கண்டவுடன் தொப்பியைக் கழற்றினார், அவ்வளவுதான்.

அந்த முதல் தடவைக்குப் பிறகு நான் வருடத்தில் ஒருநாள் போகிறேன். அதற்கு அடுத்த வருடம் மேலே போக வாகனம் கிடைக்கவில்லை. அவரைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஊருக்குப் பின்னால் நடந்துபோகும் தூரத்தில் செஸ்நட் மரங்கள் இருக்கின்றன. பலெர்மோத் தெருவில் புகைய விட்டுச் சுட்டு விற்பார்களே, அந்தக் கொட்டையின் மரம். அவை வெறும் மஞ்சள். அதுவும் போதுமாக இருந்தது. ஒரு வருடம் மழையில் ஒன்றும் பார்க்காமல் திரும்பினேன். தேநீர்க்கடைக்காரி என்னை இப்போது இலைக்காரி என்கிறாள்.

போன வருடம் கணவர், தானும் வரட்டுமோ என்று கேட்டார். சும்மா கேட்கவில்லை, விடுமுறையும் சொல்லி வைத்திருந்தார். நான் கொஞ்சம் யோசித்தேன். வசந்தத்தில் இரண்டு பேருமாய்ப் போவம், அப்ப அங்கை பூ பூத்திருக்கும், இலைக்கு மட்டும் நான் தனியப் போறன் என்றேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் நான் புறப்படுகிற அன்று காலையில் எனக்கு முன்னரே எழும்பி, போத்தலில் தேநீர் ஊற்றி, மூடியை இறுக்கி மேசையில் வைத்திருந்தார். சீனி கூடிப்போயிருந்தது. குடித்தேன்.